காரை 30 மி.மீ. இறக்க ஸ்பிரிங், ஸ்ட்ரட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்பிரிங்கை மாற்றினால் கார் இறங்கிவிடும். ஆனால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கை) முனையிலுள்ள ரப்பர் புஷ், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட், பின் பிரேக் வால்வு, ஹெட்லைட் எல்லாமே பழைய உயரத்துக்குப் பொருத்தப்பட்டவை. அவை ஒவ்வொன்றையும் புதிய உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்ல முடியும். இதை வீட்டில் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: ஒன்று ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும்போது, மற்றொன்று எல்லா நட்டையும் முறுக்கி முடித்துவிட்டதாக நினைக்கும்போது. அதனால் இங்கே அந்த இரண்டு கட்டங்களையும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் ட்விஸ்ட் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), முன்சக்கர இழுவை. சின்ன கார்களில் அதிகம் காணப்படும் அமைப்பு இது.

முதல் கேள்வி, எவ்வளவு இறக்குவது? தினமும் ஓட்டும் காருக்கு 25 முதல் 35 மி.மீ. வரை போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கணக்கு இதுதான். நிற்கும் உயரத்திலிருந்து பம்ப் ஸ்டாப்பை (முழுவதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் மெத்தை) தொடும் வரை ஸ்ட்ரட் 60 மி.மீ. உள்ளே போகும் என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. இறக்கினால் அதில் பாதி போய்விடும். மீதியுள்ள 30 மி.மீ.க்குள் அதே பள்ளத்தைச் சமாளிக்க ஸ்பிரிங் கடினமாக இருந்தாக வேண்டும். அதனால்தான் இறக்கும் ஸ்பிரிங்குகள் நீளம் குறைந்தும் வலு கூடியும் வருகின்றன. வலு 30 சதவீதம் கூடினால் காரின் துள்ளல் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும். அந்தத் துள்ளலை முன்போலவே அடக்க ஷாக் அப்சார்பரும் ஏறத்தாழ அதே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். 80,000 கி.மீ. ஓடித் தளர்ந்த ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால், கார் கடினமாகவும் இருக்கும், ஒரு மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஆடவும் செய்யும். எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழற்றத்தான் போகிறோம். இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவதே சரி.

இன்னும் கீழே இறக்கினால் வேறொரு சிக்கல் தொடங்கும். மெக்பர்சன் அமைப்பில் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்தோ, சமமாகவோ இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். காரை அதிகம் இறக்கினால் வெளிமுனை மேலே ஏறிவிடும். அப்போது ரோல் சென்டர் (பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், பாடி வளைவுகளில் சாயும் போக்கும் கூடும். தாழ்வாக இருக்கிற கார் திருப்பத்தில் முன்பைவிடத் தள்ளாடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரிஜினல் ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்துவிட்டு மாட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். சுற்று குறைந்தால் வலு கூடும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூட வேண்டும் என்பதை அங்கே ரம்பம்தான் தீர்மானிக்கிறது. அறுத்த முனை ஸ்பிரிங் சீட்டின் வடிவத்தில் உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து, இடம் மாறி, திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும். காஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

பொருட்களைப் பொறுத்தவரை, ஸ்பிரிங் 4, முன் ஸ்ட்ரட் 2, பின் ஷாக் 2 என்று மட்டும் வாங்கினால் நடுவில் வேலை நின்றுவிடும். டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியில் பிடிப்பது) 2, அதற்கான பேரிங் 2, பம்ப் ஸ்டாப் 4, டஸ்ட் பூட் 4, ஸ்பிரிங் சீட் ரப்பர்கள், ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் 2 ஆகியவற்றையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ராட் நட்டு, ஸ்ட்ரட்டை நக்கிளில் (சக்கரம் பொருந்தும் வார்ப்பு) பிடிக்கும் போல்ட்டு நட்டு, லிங்க் நட்டு எல்லாம் புதியவையாக இருக்கட்டும். அவை ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லாக் நட்டுகள். கழற்றி மாட்டினால் பிடிப்பு குறைந்துவிடும். பம்ப் ஸ்டாப்பை முழு நீளத்தில் அப்படியே போடலாமா என்பது ஸ்பிரிங்குடன் வரும் தாளில் இருக்கும். குறுக்கச் சொல்லியிருந்தால் சொன்ன அளவுக்கு மட்டும் குறுக்குங்கள். அதைத் தூக்கி எறியக் கூடாது, ஏனென்றால் அது கடைசி நேரத்தில் வேலைசெய்யும் இரண்டாவது ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் ஷாக்கின் உள்வால்வு நேராக அடி வாங்கும்.

கருவிகளில் டிராலி ஜாக்கி, நான்கு ஜாக்கி ஸ்டாண்ட், அடைகட்டை, டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), நீளமான பிரேக்கர் பார், 13 முதல் 22 மி.மீ. வரை சாக்கெட்டுகள், வளைந்த ரிங் ஸ்பேனர், ஆலன் கீ, கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், பெயின்ட் மார்க்கர் வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கொக்கிகளுக்குப் பூட்டுப் பின் இருக்க வேண்டும். மரை நெளியாமலும் தேயாமலும் இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நேர்க்கோட்டில் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த நான்கு எண்கள் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும். துரு பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் ஒரு மணி நேரமாவது மிச்சமாகும்.

கான்கிரீட் போன்ற கெட்டியான சமதளத்தில் காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திக்கொண்டு, முன்பக்கம் முழுவதையும் ஒரே உயரத்தில் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கத்திலேயே இருக்கும். லிங்க் நட்டைக் கழற்றும்போது அது சட்டென்று அடிக்கும். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கினால் லிங்க் கையோடு வந்துவிடும். கழற்றுவதை மட்டும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் என்று செய்யுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

லிங்க் நட்டு சுழலும்போது பால் ஜாயின்ட் தண்டும் கூடவே சுழலும். தண்டின் முனையில் உள்ள ஆலன் குழியில் கீயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, நட்டை ஸ்பேனரால் திருப்ப வேண்டும். பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயரையும் ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றுங்கள். வயரை இழுத்து எடுக்காதீர்கள், உள்ளே அறுந்தால் வெளியே தெரியாது.

ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி இரண்டு விதமாக இருக்கும். இரண்டு போல்ட்டுகளால் நக்கிளைக் கவ்வும் வகையில், கழற்றும் முன் இரண்டும் சேரும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) ஏறத்தாழ பழைய இடத்துக்கே வர அந்தக் கோடு உதவும். போல்ட்டின் தலைக்குக் கீழே பற்கள் இருந்தால் போல்ட்டைத் திருப்பக் கூடாது. தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பி, நட்டு இரண்டு மரை பிடித்திருக்கும் நிலையில் மென்உலோகச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளுங்கள். இன்னொரு வகையில், நக்கிளின் வளையத்துக்குள் ஸ்ட்ரட் குழாய் நுழைந்து ஒரே போல்ட்டால் இறுகியிருக்கும். அதன் பிளவை விரிப்பதற்கென்றே உள்ள கருவியால் சில மில்லிமீட்டர் விரித்தால் போதும். உளி அடித்து விரித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

ஸ்ட்ரட் விலகியதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைச் சாய விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும். டிரைவ் ஷாஃப்ட்டின் உள்ஜாயின்ட் கழன்று வந்துவிடவும் கூடும். கழன்றால் அன்றைய வேலையே வேறாகிவிடும். ஆகவே கடைசி போல்ட்டை எடுக்கும் முன்பே நக்கிளைக் கம்பியால் உள்நோக்கிக் கட்டிவிடுங்கள். பிறகு மேலே பாடியில் உள்ள மவுண்ட் நட்டுகளைக் கழற்றலாம். கடைசி நட்டை எடுக்கும்போது ஒரு கை ஸ்ட்ரட்டைத் தாங்கியிருக்க வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டு ஒன்றுதான்.

அதில் எவ்வளவு விசை இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். மி.மீ.க்கு 25 நியூட்டன் வலுவுள்ள ஸ்பிரிங், கழற்றிய ஸ்ட்ரட்டில் 60 மி.மீ. அமுங்கி உட்கார்ந்திருந்தால் விசை 1,500 நியூட்டன். ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். கம்ப்ரஸரால் இன்னும் 40 மி.மீ. அமுக்கினால் 250 கிலோ. நட்டு பறந்தால் டாப் மவுண்ட் முழுவதும் அதோடு பறக்கும்.

கம்ப்ரஸரின் இரண்டு தண்டுகளும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். எத்தனை சுற்றுகளைச் சேர்த்துப் பிடிக்க முடியுமோ அத்தனையையும் பிடிக்கட்டும். மூன்று சுற்றுகளை மட்டும் பிடித்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டிய பிறகும் ஸ்பிரிங் சீட்டை விடாமல் நிற்கும். மரைக்கு கிரீஸ் தடவுங்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி, கையால் மட்டும் முறுக்குங்கள். ஒரு பக்கம் அதிகமானால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளையும். கொக்கி நழுவுவது அப்போதுதான். இம்பாக்ட் கன் வைத்தால் கிரீஸ் காய்ந்து மரை தின்றுவிடும். ஸ்ட்ரட்டின் முனை உங்களையோ வேறு யாரையோ பார்த்திருக்கக் கூடாது, முகம் அந்த நேர்க்கோட்டில் வரவே கூடாது. ஸ்பிரிங்கைக் கையால் திருப்பினால் சீட்டில் தளர்ந்து ஆட வேண்டும். அந்தத் தளர்ச்சி வந்த பிறகுதான் நடு நட்டைக் கழற்ற வேண்டும். ஐந்து முதல் பத்து மி.மீ. இடைவெளி போதும், அதற்குமேல் அமுக்குவது வீண் ஆபத்து. பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுத்ததும் அமுக்கிய நிலையில் மூலையில் வைத்துவிடாதீர்கள். அதே மாற்று முறையில் உடனே தளர்த்திவிடுங்கள்.

நடு நட்டைக் கழற்றும்போது பிஸ்டன் ராடும் சுழலும். ராடின் தலையில் உள்ள ஆலன் குழியையோ தட்டை முனையையோ பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்பலாம். பிளையரால் ராடைக் கவ்வக் கூடாது. முடியளவு கீறல் விழுந்தாலும் அது ஒவ்வொரு அசைவிலும் ஆயில் சீலை அறுக்கும். புது ஸ்ட்ரட்டை ஒரு மாதத்தில் ஒழுக வைப்பது பெரும்பாலும் இந்தக் கீறல்தான். மாட்டும்போது இம்பாக்ட் கன்னால் நட்டை அடிப்பதும் கெடுதல்; ராட் வேகமாகச் சுழன்று உள்ளே பிஸ்டன் நட்டைத் தளர்த்திவிடலாம்.

புது ஸ்ட்ரட்டைச் செங்குத்தாக நிறுத்தி, மெதுவாக நான்கைந்து முறை முழுவதும் அமுக்கி இழுங்கள். படுக்க வைத்திருந்ததால் உள்ளே சேர்ந்த காற்றுக் குமிழ்கள் போய்விடும். அதன் பிறகு ஸ்பிரிங் மாட்டும் முன் ஒரு சோதனை இருக்கிறது. பலரும் செய்யாத, ஆனால் மிக உபயோகமான சோதனை. ஸ்பிரிங் இல்லாமல் பம்ப் ஸ்டாப்பும் டாப் மவுண்டும் மட்டும் போட்ட ஸ்ட்ரட்டைக் காரில் பொருத்தி, சக்கரத்தையும் மாட்டி, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்குங்கள். ஸ்பிரிங் இல்லாததால் பாடி ஸ்டாண்டிலேயே இருக்கும், சக்கரம் மட்டும் ஏறும். பம்ப் ஸ்டாப் அமுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். டயர் எங்கே உரசும், வயர் எங்கே இழுபடும் என்பது ரோட்டுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்கில் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்கும்படி இருந்தால் அதுதான் மேல்பக்கம். முன், பின் குறியீட்டையும் பாருங்கள்; சில கார்களில் இடது வலது ஸ்பிரிங்கும் வேறுவேறு. ஸ்பிரிங்கின் கீழ்முனை சீட்டில் உள்ள படியில் போய் நிற்க வேண்டும். முனை படியின் மேல் ஏறி உட்கார்ந்தால் கார் அந்தப் பக்கம் உயர்ந்து நிற்கும். ஓட்டும்போது ஒருநாள் டங்கென்று குதித்து உள்ளே விழும். பேரிங்கைத் தலைகீழாக வைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி வைத்தால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து சுழல வேண்டிய வளையம் மவுண்டோடு இறுகிவிடும். ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நின்ற இடத்தில் திருப்பினால் வீணைத் தந்தி தெறிப்பதுபோல் சத்தம் கேட்கும். கம்ப்ரஸர் கொக்கி புது ஸ்பிரிங்கின் பூச்சைக் கீறியிருந்தால் அப்போதே பெயின்ட் வைத்துவிடுங்கள்; ஸ்பிரிங் முறிவது துருப் புள்ளியிலிருந்துதான் தொடங்கும். சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலும் ஸ்பிரிங் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இறுக்கமாகவே இருக்க வேண்டும். தளர்ந்து சுழன்றால் அந்த ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி.

முறுக்கும் அளவுக்கு உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலே முடிவு. சின்ன கார்களில் பொதுவாக பிஸ்டன் ராட் நட்டு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர், மவுண்ட் நட்டுகள் 20 முதல் 50, லிங்க் 40 முதல் 60, ஸ்ட்ரட்டை நக்கிளில் பிடிக்கும் போல்ட்டுகள் 90 முதல் 150 என்ற வரம்புக்குள் இருக்கும். மேனுவலில் டார்க் அளவோடு இத்தனை டிகிரி என்றும் போட்டிருந்தால் அந்த போல்ட்டு இழுபட்டுத்தான் பிடிக்கும். பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

பின்பக்கம் எளிது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் பெரும்பாலும் கம்ப்ரஸரே தேவைப்படாது. முன் சக்கரங்களுக்கு இப்போது அடைகட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையில் வரும். பீம் கீழே போகாமல் தடுத்துக்கொண்டிருந்தது ஷாக்தான். அது இல்லாதபோது அதிகம் இறக்கினால் பாரம் முழுவதும் பிரேக் ஹோஸின் மேல் விழும். ஒரு கண் எப்போதும் ஹோஸ்மேல் இருக்கட்டும்.

இனி வருவது அதிகம் பேர் விட்டுவிடும் பகுதி. லோயர் ஆர்ம் புஷ், பீம் புஷ், பின் ஷாக்கின் கீழ்க்கண் ஆகியவற்றில் உள்ள ரப்பர் சுழல்வதில்லை. உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டப்பட்டிருப்பதால், ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். போல்ட்டை எந்த உயரத்தில் இறுக்குகிறோமோ அந்த உயரம்தான் ரப்பருக்கு ஓய்வு நிலை. பழைய உயரத்தில் இறுக்கிய புஷ், 30 மி.மீ. இறங்கிய காரில் நிற்கும்போதே முறுக்கத்தில் இருக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால் இன்னும் அதிகம். விளைவு, கார் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது, ஓட்டம் கடினமாகும், ரப்பர் சீக்கிரம் கிழியும். ஆகவே இந்த போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, காரை அதன் சொந்த எடையில் நிறுத்தி, அந்த நிலையில்தான் டார்க் ரெஞ்ச் போட வேண்டும். ட்விஸ்ட் பீமில் புஷ்ஷுக்கு நடுவே போகும் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். பிராக்கெட்டைப் பாடியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தொட்டால் பின் அச்சே கோணலாகிவிடும்.

அந்த உயரத்தைப் பெற ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று தோன்றும். ஸ்பிரிங் மாட்டிய பிறகு அது நடக்காது. சக்கரம் நிற்கும் உயரத்தை எட்டும்போது அந்த மூலையின் எடை முழுவதும் ஜாக்கிக்கு வந்துவிடும், பாடி ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பும். அந்த நேரத்தில் நீங்கள் காருக்கு அடியில் இருப்பீர்கள். நான்கு சக்கரத்தையும் கெட்டியான ராம்ப்பின்மேல் சம உயரத்தில் நிறுத்தி, பம்பரை இரண்டு முறை அமுக்கி விட்டு, பிறகு அடியில் போய் முறுக்குவதுதான் பாதுகாப்பு.

பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில கார்களில் பீமோடு ஒரு நெம்புகோலால் இணைந்திருக்கும். பீமுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் காரில் சுமை ஏறியிருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். இறக்கிய காரில் அதைச் சரிசெய்யாவிட்டால், காலி காரை ஈரமான ரோட்டில் பிரேக் போட்டு நிறுத்தும்போது பின் சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொள்ளும். இந்த வால்வு இருக்கிறதா என்று காருக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெட்லைட்டின் தானியங்கி உயர சென்சாருக்கும் இதே நெம்புகோல் கதைதான். முன் கண்ணாடியில் லேன் பார்க்கும் கேமரா உள்ள காரில், உயரம் மாறியபின் அதை மறுஅளவீடு செய்ய வேண்டியிருக்கும். வாகன மாற்ற விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பதிவு, காப்பீட்டு விதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீல் அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இறக்கியதும் டை ராடின் கோணம் மாறுவதால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறியே இருக்கும். டயரைத் தின்பது கேம்பர் என்றே பலரும் நினைக்கிறார்கள், ஆனால் தின்பது பெரும்பாலும் டோ. கேம்பர் ஒரு டிகிரி உள்சாய்ந்து, டோ சரியாக இருந்தால் டயர் நீண்டகாலம் ஓடும். டோ கெட்டிருந்தால் சில ஆயிரம் கி.மீ.க்குள் உள்விளிம்பு கம்பி தெரிந்துவிடும். மாட்டிய உடனே டோவைச் சரிசெய்து, ஸ்பிரிங் பதிந்த பிறகு, அதாவது சுமார் 500 கி.மீ.க்குப் பின், முழு அலைன்மென்ட் செய்வது நல்லது. நட்டுகளின் டார்க்கையும் அப்போதே மறுபடி பாருங்கள்.

ரோட்டில் முதல் சில கிலோமீட்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சின்னச் சின்ன மேடுகளில் டொக் டொக் என்றால் முதலில் லிங்க் நட்டு, அடுத்து பிஸ்டன் ராட் நட்டு. திருப்பும்போது மட்டும் தெறிப்பு என்றால் பேரிங் அல்லது ஸ்பிரிங் முனை. பெரிய பள்ளத்தில் மட்டும் தட் என்று இடித்தால் அது பம்ப் ஸ்டாப். சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் குறைந்ததற்கான விலை அது, அதை எந்த நட்டும் தீர்க்காது. 500 கி.மீ. ஓடியபின், எழுதி வைத்த நான்கு எண்களோடு வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் வரை மறுபடி அளந்து பாருங்கள். இடது வலது வித்தியாசம் வேலைக்கு முன் இருந்ததைவிட 5 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால், ஸ்பிரிங்கைக் குறைசொல்லும் முன் உயரமான பக்கத்தில் ஸ்பிரிங் முனை படியில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.